ராகுகாலத்தில் புறப்பட்ட லொறி

இப்போதெல்லாம் சாவியைத் திருகினால் வண்டி சீறிக்கொண்டு கிளம்புகிறது. எங்கள் போடியாரின் லொறி அப்படிப்பட்ட பிறவி இல்லை. முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும், தோள் கழன்றுவிடும். இரண்டு தரம் செருமும். மூன்றாம் தரம் மனம் வந்தால் உயிர் பெறும். நெல்மூட்டை ஏற்றிவிட்டால் சைக்கிள்காரன்கூட மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப் போவான். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து ஒரு இளிப்பு வேறு! அந்த ஓட்டை லொறியில், கிரானிலிருந்து மட்டக்களப்புப் பட்டணத்துக்கு, காலை வெயில் வாவியில் விழுகிற நேரத்தில் போன பயணங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அந்த நாட்களைப் போல இனி எனக்கு வாய்க்கப் போவதில்லை.

போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரர். எங்கள் போடியாருக்கு வயல்வட்டையும் இருந்தது, மாடும் இருந்தது, கோபமும் இருந்தது. எனக்கும் கோபத்துக்குக் குறைவில்லை. ஆகையால் தினமும் விடிந்தால் எங்களுக்குள் ஒரு பிடுங்கல் நடந்தே தீரும்.

அது உலக யுத்தக் காலம். பெற்றோல் அளந்துதான் கிடைக்கும். லொறி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே போனது, என்ன ஏற்றியது என்று ஒரு புத்தகத்தில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை ஓட்டுகிற நான்தானே எழுத வேண்டும்? போடியார் விடமாட்டார். பிள்ளையார் சுழி போட்டு, தன் கையாலேயே புறப்படும் நேரத்தை எழுதித் தந்தால்தான் அவருக்குத் திருப்தி.

வில்லங்கம் திங்கட்கிழமைகளில்தான். ஏழரையிலிருந்து ஒன்பது மணிவரை ராகுகாலம். ஒன்பதுக்குப் பிறகு போனால் பட்டணத்து மில்லில் வரிசை கோயில் வாசல்வரை நிற்கும். மூட்டை ஏற்றி முடியவே ஏழரை தாண்டிவிடும். அதனால் லொறி ராகுகாலத்திலேயே, எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். புத்தகத்தில் மட்டும் ஒன்பது மணி ஐந்து நிமிடம் என்று இருக்கும்.

"என்ன போடியார், இன்னும் எட்டாகல்ல. ஒம்பது அஞ்செண்டு எழுதுறீங்க?"

"வண்டி போகட்டும் மனே. எழுத்தில போகப்படாது. ராகுகாலத்தில புறப்பட்டதெண்டு என்ட கையால எழுதமாட்டன்."

"அப்ப ஒம்பதாகும் மட்டும் நிக்கவா?"

"நிண்டா மில்லில ஆர் உனக்கு இடம் புடிச்சு வச்சிருக்கான்? கெதியா வெளிக்கிடு!"

இந்த மனிதரோடு என்ன பேசுவது? முணுமுணுத்துக்கொண்டே கம்பியைச் சுழற்றுவேன். ராகுவை ஏமாற்றிய சந்தோஷத்தில் அவர் வெற்றிலையை மடித்து வாயில் போடுவார்.

அப்படியான ஒரு திங்கட்கிழமைதான் அது நடந்தது. ஏறாவூர் தாண்டி, பட்டணத்தை நெருங்குகிற இடம். வாவியை ஒட்டி றோட்டு வளைகிறது. தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ஒழுங்கைக்குள்ளிருந்து வந்தது. நான் ஹோன் அடித்தேன். மாடு வெருண்டு வண்டியைக் குறுக்கே இழுத்துவிட்டது. பிரேக்கில் ஏறி நின்றேன். அந்தக் கிழட்டுப் பிரேக் பிடித்தால்தானே! வண்டிச் சக்கரத்தில் லொறி முட்டியது. தேங்காய்கள் றோட்டெல்லாம் உருண்டன. வண்டிக்காரர், ஏறாவூர் முஸ்லிம் பெரியவர், கீழே விழுந்து கால் முறிந்து, "யா அல்லாஹ்!" என்று கத்தினார். அந்தச் சத்தம் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை.

பக்கத்திலேயே ஒரு பொலிஸ்காரர் நின்றார். மணிக்கூட்டைப் பார்த்து ஒன்பது இருபது என்று குறித்துக்கொண்டார். பிறகு லொறிப் புத்தகத்தைக் கேட்டார். ஒன்பது ஐந்துக்குக் கிரானில் புறப்பட்ட லொறி, கால் மணித்தியாலத்தில் பட்டணத்து வாசலில் நிற்கிறது!

"நீ லொறியா ஓட்டின, ஆகாயக் கப்பலா?" என்றார்.

எட்டுக்கு முன்பே கிளம்பினேன் என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஆர் கேட்டது? கண்மண் தெரியாமல் ஓடி ஆளை முறித்ததாக வழக்கு. ஆஸ்பத்திரியில் கிடந்த வண்டிக்காரரே, "லொறி மெல்லத்தான் வந்த. என்ட மாடுதான் வெருண்ட" என்று சொல்லிப் பார்த்தார். அவருடைய வீட்டுக்குப் போடியார் நெல் அனுப்பியிருந்தார், இரக்கப்பட்டு அனுப்பியதுதான். அதைக் காட்டி, நாங்கள் அவர் வாயை அடைத்துவிட்டதாகப் பொலிஸார் சொன்னார்கள். லைசன்ஸ் போய்விடும், சிறை மறியலும் கிடைக்கலாம் என்று எனக்காக வழக்குப் பேச வந்த பிறக்கிராசி கையை விரித்தார். என் மனைவிக்கு அப்போது மாதம் ஆறு.

நேராகப் போடியாரிடம் போனேன். "கோட்டில வந்து உள்ளதைச் சொல்லுங்க" என்றேன். பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டால் லொறியையே நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊர் சிரிக்கும் என்பதும் தெரியும். வெற்றிலையை மென்றுகொண்டு, "பாப்பம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாருங்க, நல்லாப் பாருங்க. நான் மறியலுக்குப் போறதுக்கும் நல்ல நேரம் ஒண்டு பாத்துச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

வழக்கன்று அவர் வரமாட்டார் என்றே இருந்தேன். வந்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"அந்த எழுத்து என்ட. நேரம் பொய். இவன் எட்டுக்கு முன்னமே போயிற்றான்."

"புத்தகத்தில் பொய் எழுதியவர் இப்போது மெய் சொல்கிறீர் என்று எப்படி நம்புவது?" என்று நீதவான் இங்கிலீசில் கேட்டார். துவிபாஷி தமிழில் சொன்னார்.

போடியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட லொறி ராகுகாலத்தில புறப்பட்டதெண்டு சபையில நிண்டு சொல்றன். இப்பிடி ஒரு பொய்யைச் சொல்ல எந்த வேளாண்மைக்காரனுக்கு ஐயா வாய் வரும்?"

நீதவானும் தமிழர்தான். துவிபாஷி வாய் திறக்குமுன்பே அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டார்கள். போடியாருக்குத் தண்டம், இனிப் பொய் நேரம் எழுதினால் லொறி ஓடாது என்ற எச்சரிக்கையும். வெளியே வந்து அவர் கையைப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்தது. "சீ, விடு" என்று கையை உதறிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை வந்தது. மூட்டை ஏற்றியாயிற்று. போடியார் பிள்ளையார் சுழி போட்டார். மடியிலிருந்த மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அப்படியே எழுதினார். எழுதி முடித்தவர் வீட்டுக்குள் போகாமல், மறுபக்கம் வந்து என் பக்கத்துச் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போடியார் வாறீங்க?"

"உள்ளதை எழுதிப்போட்டன். மறுகா உன்னைத் தனிய விட ஏலுமா? வாறது ரெண்டு பேருக்கும் வரட்டும். நீ ஓட்டு."

பட்டணம் போய்ச் சேரும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு இருந்தார். அந்த லொறியை விற்கும்வரை ஒரு திங்கட்கிழமையும் அவர் என்னைத் தனியே அனுப்பவில்லை.