தலையாட்டலுக்கு நான் சொன்ன அர்த்தம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள்தான் நான். படித்து டீச்சரானதும் அட்டன் டவுனுக்குக் குடிவந்துவிட்டேன். ஆனாலும் தோட்டத்து ஆட்களைப் பற்றி யாராவது வாய் திறந்தால், என்னைவிட யாருக்குத் தெரியும் என்று மூக்கை நுழைத்துவிடுவேன். போன வருடம் கர்ப்பப்பைக் கட்டிக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அந்தக் குணம் கூடவே வந்திருந்தது.

அடுத்த கட்டிலில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டும் வயிற்றை வெட்டிப் பிறந்தவை. மூன்றாவதற்கு மறுநாள் ஆப்பரேஷன். அதிகம் பேசமாட்டாள். தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் எனக்கும் சேர்த்துச் சுடுதண்ணி எடுத்து வருவாள். பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

வார்டு பார்க்க வந்த டாக்டர் சிங்களவர், சின்ன வயது, தூக்கமில்லாத கண்கள். நான்காவது முறையும் வயிற்றை வெட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம், நாளைக்கே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாம் என்று அவளிடம் அரைகுறைத் தமிழில் சொன்னார். “சரிதானே?” என்று கேட்டார். அவள் குனிந்தபடி தலையாட்டி, “சரிங்க சேர்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாததா? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் தொரைக்கு முன்னால் நின்று என் அம்மா ஆட்டியதும் அதே தலையைத்தான். எங்கள் ஆட்களிடம் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். சரியாகக் கேட்காமலே பிள்ளைப்பேற்றை நிறுத்திவிட்டார்கள் என்று பெண்கள் குசுகுசுப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நல்ல சிங்களத்தில் ஒரு பிரசங்கமே வைத்தேன். இது சம்மதமில்லை, பயம். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டாரைக் கூப்பிட்டுத் தமிழில் விளக்கிக் கேளுங்கள் என்றேன்.

டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான் சொல்வது நியாயம் என்றார், அவளிடம் மன்னிப்பும் கேட்டார், வீட்டார் வந்ததும் பேசும்படி தமிழ் தெரிந்த நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். எதிர்க் கட்டில் அம்மா, “நமக்காகப் பேசவும் ஒரு ஆளு வேணுந்தானே டீச்சர்” என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவேயில்லை.

பகல் பார்வையாளர் நேரத்தில் அவள் புருஷனும் மாமியாரும் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். நர்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஆம்பளப் புள்ள ஒண்ணு பொறக்கட்டுங்க மிஸ். அது வரைக்கும் ஒண்ணுஞ் செய்ய வேணாம்” என்றார். புருஷன் சோற்றுப் பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க என்ன சொல்றீங்க?” என்று நர்ஸ் அவளைக் கேட்டார். “மாமி சொல்றதுதாங்க மிஸ்” என்றாள்.

அவர்கள் போன பிறகு பாத்ரூம் வாசலில் அவளைப் பிடித்தேன். பயப்படாமல் மனதில் உள்ளதைச் சொல்லம்மா என்றேன். அப்போதும் நான் டீச்சர்தான்.

“என்னத்தங்க சொல்ல?” என்றாள். “எனக்கு வெளங்காம இல்லீங்க டீச்சர். கிளினிக்ல மிட்வைஃப் மிஸ்கிட்ட நாந்தான் கேட்டேன், இதோட நிப்பாட்டி விடுங்கன்னு. அவங்கதான் டாக்டருக்குச் சொல்லியிருக்காங்க. செஞ்சதுக்கப்புறம், டாக்டரே செஞ்சிட்டாருன்னு வீட்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

உன் சம்மதம் ஒன்றே போதும், நான் போய் டாக்டரிடம் பேசுகிறேன் என்று எப்படியோ சொன்னேன்.

“வேணாங்க டீச்சர், பேசாதீங்க. இனி செஞ்சா, நான் கேட்டுத்தான் செஞ்சாங்கன்னு தெரிஞ்சு போயிரும். ரெண்டு புள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு நான் எங்கங்க போறது?”

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். டாக்டராவது அவளை ஒரு கேள்வி கேட்டார். நான் அதுகூடக் கேட்கவில்லை. ஆயுள் முழுவதும் எங்களுக்காக மற்றவர்கள் பேசியதைத் திட்டித் தீர்த்தவள், அவளுக்கு விளங்காது என்று அவள் இருக்கும்போதே ஊருக்குச் சொன்னேன்.

மறுநாள் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வயிற்றிலிருந்து பிள்ளையை எடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மாமியார் பிள்ளையைக் கையில் வாங்கி நெற்றியில் முத்தமிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை. பிறகு என் கட்டிலருகே வந்து, “டீச்சர், நீங்கதான் நல்லா சிங்களம் பேசுறீங்களாமே. அடுத்த புள்ளைக்கு எவ்வளவு காலம் விடணும்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?” என்றார்.

கேட்டேன். டாக்டர் நான்காவதே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். உயிர் போகலாம் என்றார். கேட்கவே மாட்டார்கள் என்றால் இரண்டு வருடமாவது போகட்டும் என்றார். ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன். உயிர் என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை.

“ரெண்டு வருஷந்தானே,” என்றார் மாமியார்.