அண்ணனுக்கு வெட்டிய தோல் துண்டு

எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டில் பல வருடம் ஒரு தோல் துண்டு கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் கெட்டித் தோல். தூசு தட்டும்போதெல்லாம் அதைக் குப்பையில் எறிய எனக்குக் கை துறுதுறுக்கும். அண்ணன் விடமாட்டான்.

அதை வெட்டியவர் மேனேஜர். ஆம்பூருக்குப் பக்கத்தில் நானும் அண்ணனும் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. சாயங்காலத்தில் கம்பெனி ஃபுட்பால் டீமுக்கும் அவர்தான் கோச். கட்டிங் மேசைமேல் சாக்பீஸால் மைதானம் வரைந்து, ஆளுக்கொரு தோல் துண்டு வைத்து ஆட்டம் சொல்லித்தருவார். ஓடுகிறவனுக்கு மெல்லிய ஆட்டுத் தோல், முட்டி மோதுகிறவனுக்கு எருமைத் தோல். நடு மைதானத்தில் ஆடிய அண்ணனுக்கு இந்த அடித்தோல். ஒருமுறை வெட்டிய துண்டை அவர் மாற்றியதே இல்லை. "ஒருதரம் கிரேடு போட்டா போட்டதுதான்" என்பார். அத்தனை திமிர்.

அண்ணனுக்கு ஓட்டம் வராது. ஆனால் பந்து காலுக்கு வருமுன்பே அதை யாருக்குத் தருவது என்று பார்த்து வைத்திருப்பான். நடுவில் மூன்று பேரை நிறுத்தினால், மற்ற இருவரும் ஓடியோடிப் பந்தைப் பிடுங்க, இவன் பின்னால் நின்று மொத்த ஆட்டத்தையும் நடத்துவான். இரண்டே பேர் என்றால் இவனும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடியாக வேண்டும். செத்தான். மேனேஜருக்கு இது நன்றாகவே தெரியும்.

அந்த வருடம் முதலாளி ஆட்டம் பார்க்க வந்தார். நன்றாக ஆடும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை நிரந்தரம் என்று பேச்சு. அண்ணன் காண்ட்ராக்ட். முந்தின நாள் எல்லார் முன்னாலும், "சார், நடுவுல மூணு பேர் வைங்க" என்று வாயை விட்டுவிட்டான். மேனேஜர் சிரித்தார். மறுநாள் நடுவில் இரண்டே பேர். இடைவேளைக்குள் அண்ணனுக்கு நாக்கு தள்ளிவிட்டது. "இன்னாடா, வேர் வுட்டுட்டியா?" என்று எங்கள் செக்ஷன் ஆட்களே கத்தினார்கள். மாற்று ஆள் கோட்டோரம் தயாராக நின்றும் மேனேஜர் அண்ணனை மாற்றவில்லை. "இருக்கட்டும், மொதலாளி நல்லா பாக்கட்டும்" என்று அவர் சொன்னது பின்னால் நின்ற என் காதில் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் தோல் துண்டை அண்ணன் கையில் வைத்து, "இந்தத் தோலு இனிமே நமக்கு வேணாம்பா" என்றார். அடுத்த வாரம் கேட்டில் அவனை உள்ளே விடவில்லை. பாவி! நான் மட்டும் அதே கேட்டில் தலையைக் குனிந்துகொண்டு போய்வந்தேன்.

அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். சாயங்காலங்களில் ஊர்ப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தான். அவன் டீம் நல்ல பெயர் வாங்கியது. நடுவில் எப்போதும் மூன்று பேர்தான்.

போன வருடம் மேனேஜர் எங்கள் வீடு தேடி வந்தார். ரிட்டயராகி, சட்டை தொளதொளத்துப் போயிருந்தார். அவருடைய மகன் காலேஜ் முடித்துவிட்டு அண்ணனின் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம மேட்சுக்கு, ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்கு எடுக்கறவங்க வர்றாங்களாம்பா. எம்புள்ள உன்ன மாதிரியே. ஓட்டம் கம்மி, மூளை ஜாஸ்தி. மூணு பேர்ல பின்னால வுட்டீன்னா பொழச்சிக்குவான்."

"ஆடட்டும் சார்" என்றான் அண்ணன். நான் டீ கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை, வேண்டுமென்றேதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நடுவில் இரண்டு பேரை வைத்தான். எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்! பையன் ஓடினான், முட்டியில் கையூன்றி நின்றான், மறுபடி ஓடினான். "மாத்துப்பா, அவன மாத்திடுப்பா" என்று மேனேஜர் கோட்டோரமாகவே கெஞ்சிக்கொண்டு நடந்தார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பையன் மைதான நடுவிலேயே வாந்தியெடுத்தான். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "போதும்ணா" என்றேன்.

"இருக்கட்டும். வந்தவங்க நல்லா பாக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று என் காதில் விழுந்ததை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தோல் துண்டை எடுத்து மேனேஜர் கையில் வைத்தான். "ஒருதரம் கிரேடு போட்டா போட்டதுதான், இல்ல சார்?"

தண்ணீர் பாட்டிலோடு வந்த பையன் எட்டிப் பார்த்தான். "இன்னாப்பா அது?"

மேனேஜர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

டி.வி. ஸ்டாண்டில் அது கிடந்த இடத்தில் அண்ணன் இப்போது ஆட்டோ சாவியை வைக்கிறான். அவன் டீம் பழையபடி நடுவில் மூன்று பேரோடுதான் ஆடுகிறது. அந்தப் பையன் அதன்பிறகு ஆட வரவில்லை.