பக்கத்து நாற்காலி இருமல்

புனேயில் மூட்டுவாத மருந்தை ட்ரிப்பில் ஏற்றிக்கொள்ளப் போகும்போதெல்லாம் அந்தத் தமிழ் அம்மாள் பக்கத்து நாற்காலியில் இருப்பார். விரல்கள் வீங்கியிருக்கும், எல்லா நர்ஸும் அவருக்கு ‘பேட்டா’தான், பெற்ற பிள்ளை மாதிரி. அன்று இருமினார்.

“சளின்னா ட்ரிப் போட மாட்டாங்கம்மா, திருப்பி அனுப்பிடுவாங்க,” என்று விதியைச் சொன்னேன்.

“மெதுவா பேசுங்க சார். நவராத்திரிக்குள்ள இந்தக் கை தாண்டியா கோலைப் பிடிச்சாகணும்.”

மறுபடி இருமல். “யார் இருமினது?” என்று இந்தியில் கேட்டபடி நர்ஸ் வந்தாள்.

“அங்கிள்தான் பேட்டா. பாவம்.”

மறுக்க வாயைத் திறந்தேன். நர்ஸ் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்பினாள். எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லி, நான் திரும்புவதற்குள் அம்மாளுக்குப் பாதி மருந்து இறங்கியிருந்தது.

“தொண்டைக்கு வெந்நீர் குடிங்க சார்,” என்றார், சிரிக்காமல்.

காட்டிக்கொடுக்கத்தான் நர்ஸைக் கூப்பிட்டேன். ஏனோ, வெந்நீர் கேட்டேன்.