கடலைக் கொல்லையில் கிடைத்த கோடரி

சிதம்பரத்திலிருந்து வந்து, திருவந்திபுரம் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் நிற்கிறேன். நான் தொல்லியல் ஆசிரியன். களை வெட்டும்போது கிடைத்த கல்லை, இந்தக் கொல்லையில் பயிர் செய்யும் செல்வி என்னிடம் தருகிறார். உள்ளங்கை நீளம், ஒரு முனை மட்டும் வழவழவென்று கூராக இருக்கிறது.

“கற்காலக் கோடரிம்மா. மனுஷங்க தேய்ச்சுச் செஞ்சது,” என்கிறேன்.

“வெளிய சொன்னா நெலத்த எடுத்துக்குவாங்களா சார்?”

“ஒரு கல்லுக்காக எடுக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்லத் தெரியல.”

கொல்லையை ஒருமுறை பார்க்கிறார். பிறகு, கல் கிடைத்த இடத்துக்கு அழைத்துப்போய் ஒரு குச்சியை ஊன்றுகிறார்.

பதிவுப் படிவத்தில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில், நிலத்துக்காரரான அவர் கணவரின் பெயரை எழுதுகிறேன். எட்டிப் பார்த்த செல்வி என் கையைத் தடுக்கிறார்.

“பட்டா அவரு பேர்ல இருக்கட்டும் சார். கல்ல எடுத்தது நானு. என் பேரப் போடுங்க.”