தோணிக்கும் ஒரு பங்கு

சுனாமி எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரையையும் கணித ஆசிரியரின் மனவுறுதியையும் சேர்த்தே கொண்டுபோனது. கூரைக்குப் பதில் தென்னோலைக் கிடுகு வந்தது. ஆசிரியருக்குப் பதில் நான் வந்தேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன். அதிபர் கேட்ட தகுதிக் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டர், உமக்கு ரெண்டாம் பாடநேரம் சும்மாதானே?"

கணக்குப் புத்தகங்கள் உப்புத் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, அப்பளமாகி இருந்தன. ஆனால் வரைதற் கொப்பிக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் மனக்காயம் ஆற்ற வந்தவர்கள் எல்லாரும் கொப்பியும் கலர்ப் பென்சிலும் கொடுத்து, அலையைக் கீறச் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணை மூடிக்கொண்டே அலை கீறுகிற அளவுக்குப் பிள்ளைகள் தேறியிருந்தார்கள்.

மிச்சக் கொப்பிகளில் கணக்கைக் கீறுவோம் என்றேன். இது என் கல்விக் கொள்கை என்று பிறகு ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், படம் இல்லாமல் கணக்கு எனக்கே விளங்கவில்லை. ஒரு கணக்குக்கு ஒரு பக்கம். கேள்வியைப் படமாகக் கீறி, பக்கத்தில் ஒரு வரி எழுதி, பிறகுதான் விடை. உதாரணத்துக்குக் கரும்பலகையில் நான் ஒரு மாடு கீறினேன். "ஆமை வடிவாயிரிக்கு சேர்" என்று முன்வாங்கிலிருந்து ஆறுதல் வந்தது.

வாவியில் மீன் பிடிக்கிறவரின் மகள் ஒருத்தி பின்வாங்கில் இருந்தாள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். முன்னோடிப் பரீட்சையில் கணக்குக்கு முப்பத்தைந்து எடுக்காதவர்களைச் அரசாங்கம் வைக்கும் சாதாரண தரச் சோதினைக்கு விடுவதில்லை என்று அதிபர் அந்த வருடம் முடிவெடுத்திருந்தார். அவளுக்குத் தாதியாகும் ஆசை. சோதினைக்கு விடாவிட்டால் தையல் வகுப்பு என்று வீட்டில் தீர்மானம். "ஊசி போடத்தானே ஆசை, துணியில போடட்டும்" என்றாராம் தகப்பன்.

அவள் எடுத்தது முப்பத்துமூன்று.

ரெண்டு புள்ளி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று விடைத்தாளைக் கிளறினேன். மூன்று மீனவர் பிடித்த அறுபது மீனைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை? அவளுடைய விடை, பன்னிரண்டு. நானே சிவப்பில் பிழை போட்டிருந்தேன். ஓரத்தில் பழக்கதோஷத்தில் படம் கீறியிருந்தாள்: மூன்று ஆட்கள், ஒரு தோணி, ஒரு வலை. ஐந்துக்கும் முன்னால் ஒவ்வொரு குவியல் மீன்.

கூப்பிட்டுக் கேட்டேன். "இதென்ன புள்ள, தோணிக்கும் மீன் குடுத்திரிக்கிறாய்?"

"தோணிக்குப் பங்கு குடாட்டி நாளைக்கு எதில போற சேர்?"

"வலைக்கு?"

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "கிழிஞ்சா நூல் ஆரு வாங்குற?"

மற்றக் கொப்பிகளையும் புரட்டினேன். சண்டைக்குத் தப்பி, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கரடியனாற்றுப் பிள்ளைகள், நெல்லுக் கணக்கில் வயல் வட்டைக்குக் காவலும் தண்ணீரும் பார்க்கிற விதானைக்கு ஒரு பங்கை ஒதுக்கி, அவரைப் பெரிய தொந்தியோடு கீறியிருந்தார்கள். இந்தக் கணக்குகளைச் சரியாகச் செய்தவர்கள் எல்லாரும் உத்தியோகத்தர் பிள்ளைகள். சம்பளத்தில் தோணிக்குப் பங்கில்லை. நானும் உத்தியோகத்தன் மகன்தான்.

விடைத்தாளையும் அவளையும் அதிபரிடம் கொண்டுபோனேன். அவர் நெல் விளையும் பழுகாமத்தில் பிறந்து, மீன்பிடிக் குடும்பத்தில் கலியாணம் செய்தவர். வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"பிழை" என்றார்.

"தெரியும் சேர், ஆனா—"

"உமக்கு என்ன தெரியும்? பங்கு பிழை. என்ட மாமனார்ர தோணிக்கு ரெண்டு பங்கு. ஆறாலதான் பிரிக்கணும். விடை பத்து."

பின்வாங்கு வாய் திறந்தது. "அது எஞ்சின் பூட்டின தோணியா இரிக்கும் சேர். இது சவள் வலிக்கிறது. கீறியிரிக்கன், பாருங்க."

அதிபர் கண்ணாடியைப் போட்டார். தோணியின் பக்கத்தில் நகமளவு துடுப்பு ஒன்று இருந்தது. மேற்கே செல் விழுந்து வெடித்த சத்தம் கேட்டது. மூன்று பேரும் துடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப ஒண்டுதான்" என்று அதிபர் என் பிழையை வெட்டிவிட்டு ரெண்டு புள்ளி போட்டார். "ஆனா புள்ள, பெரிய சோதினையில இருபது எண்டுதான் எழுதணும்."

"ஏன் சேர்?"

"கேள்வி எழுதிறவருக்கு மீன் சந்தையில இருந்துதான் வாற."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப தோணியும் வலையும் இரவல் எண்டு கீழ எழுதிட்டு இருபது போடட்டா?"

அதிபர் அவளுடைய சோதினை விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

பெறுபேறு வந்தபோது சண்டை எங்களை விட்டு வடக்கே போயிருந்தது. அவள் கணக்கில் சித்தியடைந்திருந்தாள், சாதாரணச் சித்திதான். மீன் கணக்குக்கு என்ன எழுதினாய் என்று ஆவலாகக் கேட்டேன்.

"மீன் வரவேயில்ல சேர். தண்ணித் தாங்கிதான் வந்த. எங்கயும் ஒழுகுதா எண்டு முதல் கீறிப் பாத்தன். ஒழுகல்ல. பிறகுதான் செஞ்சன்."