மீட்டரக்காவும் வாய் திறக்காத ஆம்ப்ளிஃபயரும்

கார் சீட்டுக்கு உறை தைப்பதுதான் அவருடைய தொழில். கணவர் துணி வெட்டுவார், இவர் தைப்பார். ஆனால் தையலக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை. மீட்டரக்கா என்றால்தான் தெரு முழுக்கத் தெரியும்.

உறை மாற்ற வேண்டுமென்றால் சீட்டைத் தூக்க வேண்டும். சீட்டைத் தூக்கினால் தரைவிரிப்பு, அதைத் தூக்கினால் ஒயர். இப்படி நூற்றுக்கணக்கான கார்களின் வயிற்றைப் பார்த்துப் பார்த்து, எந்த ஒயர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பது அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஏதாவது சிக்கல் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "இதோ கிளம்பிட்டேன்" என்பார், மறுநாள் வருவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் கரண்ட் பார்க்கும் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"தைக்கிறவளுக்கு இது எதுக்கு?" என்றார் கணவர், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"அந்த ஆளுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு நானே கத்துக்கறேன்."

பதினாறு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அந்த எலக்ட்ரீஷியனே சில சமயம் இவரைக் கேட்டுப் போகிறார். "நான் கை வச்ச வண்டி திரும்பி வராது" என்று அக்கா சொல்லிக்கொள்வதும் உண்டு. கொஞ்சம் அடிக்கடியே சொல்லுவார்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டாக்சிக்காரர் ஒருவர் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திக் கதவை அடித்துச் சாத்தினார். போன வியாழக்கிழமைதான் இங்கே சீட்டுக்கு உறை போட்டுக்கொண்டு போனவர்.

"உறையில ஏதாவது குறையா?" என்றார் அக்கா.

"உறை தங்கம். டிக்கியில இருக்கற ஆம்ப்ளிஃபயர்தான் செத்துப்போச்சு. லைட்டே எரியல. என் மச்சான் மாட்டினது. நாலு நாளா நானும் அவனும் பேச்சு வார்த்தை இல்ல. அவன் அக்கா, அதான் என் வீட்டுக்காரி, என்ன சொல்றா தெரியுமா? 'என் தம்பி மேல பழி போடறதுன்னா நிரூபிச்சுட்டு வாங்க'ங்கறா. அதான் வந்தேன்."

"அப்போ ரிப்பேருக்கு வரல. சாட்சிக்கு வந்திருக்கீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. செல்போன் ரிப்பேர்கடை வைத்திருக்கும் அந்த மச்சானேதான். டாக்சிக்காரரின் மனைவியே தகவல் கொடுத்துத் தம்பியை அனுப்பியிருக்கிறாள்.

"மாமா, என் முதுகுக்குப் பின்னால எதுக்கு? என் முன்னாடியே பார்க்கட்டும்."

"பார்க்கட்டும்டா. குட்டு வெளிப்படட்டும்."

இருவரும் டிக்கிக்கு இருபுறமும் ஆளுக்கொரு தூண்போல நின்றார்கள். நடுவில் அக்கா குனிந்தார்.

முதலில் பேட்டரி பக்கத்து ஃப்யூஸ். நன்றாக இருந்தது. அடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் தடித்த சிவப்பு ஒயரில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "கரண்ட் வருது" என்றார். மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எர்த் ஒயர் பாடியில் பெயின்ட் சுரண்டி இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தது. "இதுவும் சுத்தமான வேலை" என்றார் அக்கா. டாக்சிக்காரரின் முகம் தொங்கிப்போனது.

மிச்சம் ஒரு மெல்லிய நீல ஒயர். முன்னால் இருக்கும் ரேடியோவைப் போட்டதும், 'நீயும் எழுந்திரு' என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்வது அதுதான். ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்தார். பூஜ்யம்.

"பார்த்தீங்களா!" என்று துள்ளினார் டாக்சிக்காரர்.

"துள்ளாதீங்க." அக்கா ஒரு துண்டு ஒயரை எடுத்து, சிவப்பு ஒயர் மாட்டியிருந்த இடத்திலிருந்து நீல ஒயரின் இடத்துக்கு ஒரு நொடி தொட்டுக் காட்டினார். ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பெட்டி உயிரோடதான் இருக்கு. சொல்லி அனுப்பினது வந்து சேரல, அவ்வளவுதான்."

ரேடியோவின் பின்பக்கம் நீல ஒயரில் கரண்ட் இருந்தது. ஆகக் கோளாறு வழியில்தான். டிரைவர் சீட்டைக் கழற்றித் தூக்கினார்கள். கணவர் டார்ச்சைப் பிடிக்க, அக்கா விரிப்பை விலக்கிப் பார்த்தார்.

சீட்டை முடுக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் நீல ஒயர் நசுங்கிக் கத்தியால் அறுத்ததுபோல் இரண்டாகக் கிடந்தது. மச்சான் அதை ஓரமாக, டேப் ஒட்டித்தான் கொண்டுபோயிருந்தார். வியாழக்கிழமை விரிப்பைத் திரும்பப் போடும்போது ஒயர் நகர்ந்ததைக் கவனிக்காமல், அதன் மேலேயே சீட்டை வைத்து முடுக்கியது யார்? மீட்டரக்காவேதான்.

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. பதினாறு வருடப் பேச்சும் ஒரு சாண் ஒயரில் வந்து நிற்கிறது. வெளியே இருவரும் இன்னும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். உள்ளே பார்த்தது கணவர் மட்டுமே. அவர் மெதுவாக டார்ச்சை வேறு பக்கம் திருப்பி, கூரையில் ஏதோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். ஒட்டி டேப் சுற்றிவிட்டால் இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது.

"டார்ச்சை இங்க காட்டுங்க" என்றார் அக்கா. பிறகு தலையை வெளியே நீட்டி, "ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு இங்க வாங்க. தப்பு என்னுது" என்றார்.

அறுந்த இரண்டு முனைகளையும் அவரே எடுத்துக் காட்டினார்.

"அப்போ... இவன் மேல தப்பே இல்லையா?" டாக்சிக்காரரின் குரலில், கையில் இருந்த மிட்டாய் மண்ணில் விழுந்த ஏக்கம்.

"ஒரு பொட்டுகூட இல்ல. சுத்தமா வேலை செஞ்சிருக்காரு. நான்தான் பார்க்காம முடுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

மச்சானுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதைப் பார்த்து அக்காவும் சிரித்துவிட்டார். டாக்சிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மாமா, எங்க அக்காவுக்கு ஃபோன் போடுங்க."

"சாயங்காலம் நேர்லயே சொல்லிக்கறேன்டா."

"இப்பவே. ஸ்பீக்கர்ல."

வேறு வழியில்லாமல் போட்டார். "அது வந்து... உன் தம்பி வேலை நல்ல வேலைதான்" என்று ஆரம்பித்ததும், எதிர்முனையில் எழுந்த வெற்றிச் சிரிப்பு பக்கத்து டயர்கடை வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மீட்டரக்கா புது ஒயரை இழுத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சீட்டுக்கு எட்டாத ஓரமாகக் கொண்டுபோய் இணைத்தார். இந்த முறை சீட்டை முடுக்குவதற்கு முன் கையை விட்டு மூன்று தரம் தடவிப் பார்த்தார்.

ரேடியோவைப் போட்டதும் பின்கண்ணாடி அதிர்ந்தது. டயர்கடைக்காரர் ஓடிவந்து, "காது போகுதுங்க, கொறைங்க!" என்று கத்தினார். மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள்.