நான்காவது நாற்காலி

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு பிரார்த்தனை அறை உண்டு. மூன்று நாற்காலி, ஒரு அலமாரி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர் அதன் சாவியை இடுப்பில் செருகியே திரிவதால் எல்லோருக்கும் அவள் 'சாவியக்கா'.

எட்டு வருடங்களுக்கு முன் அவள் கணவர் மூன்று நாள் இங்கே தீவிர சிகிச்சையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று நாளும் அழுவதற்கு இடமில்லாமல், வாளியும் துடைப்பமும் வைக்கும் அறையில் புகுந்து அழுதாள். அதன்பின் இரண்டு வருடம் அதிகாரிகளின் உயிரை வாங்கித்தான் இந்த அறையைப் பெற்றாள். இப்போது புதிதாக வந்திருக்கும் நிர்வாக அதிகாரிக்குப் பழைய கோப்புகளை அடுக்க இடம் வேண்டும். இந்த அறை மேல் அவருக்கு ஒரு கண்.

"இன்னொரு புகார் வரட்டும், மறுநாளே கோப்பெல்லாம் உள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டார்.

முதல் புகாருக்குக் காரணம் சாவியக்காவேதான். வயதில் மூத்ததற்கு மேல்தட்டு என்பது அவள் நியாயம். யூதர்களின் தோரா மேலே, கிறிஸ்தவர்களின் பைபிள் நடுவில், கடைசியாக வந்த குர்ஆன் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில். யாரோ மனம் நொந்து எழுதிப் போட்டுவிட்டார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்றையும் மேல்தட்டில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

இரண்டாவது தப்பு அட்டவணையில். வெள்ளி முஸ்லிம்களுக்கு, சனி யூதர்களுக்கு, ஞாயிறு கிறிஸ்தவர்களுக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள். வம்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது.

மகளை வார்டில் சேர்த்திருந்த லாரி டிரைவர் தொழுகை விரிப்போடு வந்தார். அதே நேரம் பேக்கரிக்கார அம்மா, கணவரை ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேட்டரி விளக்கோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் மெழுகுவத்தி கூடாது.

"வெள்ளிக்கிழமை எங்களுதுன்னு எழுதியிருக்கு பாருங்கம்மா" என்றார் டிரைவர்.

"சனிக்கிழமை எங்களுதுப்பா. எங்களுக்கு ஓய்வுநாள் இன்னிக்குப் பொழுது சாயும்போதே ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள விளக்கை ஏத்தணும்."

குரல் ஏறியது. சாவியக்காவுக்குக் கோப்புகள் வரிசையாக உள்ளே நுழைவது கண்முன் தெரிந்தது.

சட்டென்று டிரைவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, எங்க கணக்கும் அதேதாம்மா! பொழுது சாஞ்சா எங்களுக்கும் அடுத்த நாள். நீங்க முதல்ல ஏத்துங்க. சூரியன் மறைஞ்சப்புறம்தான் எனக்குத் தொழுகை."

அந்த அம்மா விளக்கேற்றி, கண்ணை மூடி முணுமுணுத்தார். சூரியன் மறையக் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் ஒரு டீச்சர் சிலுவை மாலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தம்பிக்கு விபத்து; ஞாயிறு வரை அவளால் பொறுக்க முடியாது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சாவியக்கா கதவோரம் நின்றாள்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்று வாயைக் கிளறினாள். "உங்க மூணு பேருக்கும் ஆரம்பம் ஒரே ஆளுதானாமே?"

"ஆபிரகாம். அவர் மகன் ஈசாக்கு வழியில வந்தவங்க நாங்க" என்றார் பேக்கரி அம்மா.

"நாங்க இப்ராஹீம் நபிம்போம். எங்க நபி, அவரோட மூத்த மகன் இஸ்மாயில் வழி" என்றார் டிரைவர்.

"அந்த ஈசாக்கு வழியிலதான் இயேசுவும் பிறந்தார்" என்றாள் டீச்சர். "எங்களுக்கு அவர் கடவுளோட மகன்."

"எங்களுக்கும் பெரிய நபி, மர்யம் பெத்த பிள்ளை. ஆனா இறைவனுக்கு மகன் கிடையாது" என்றார் டிரைவர்.

"மீட்பர் இன்னும் வரலைன்னு நாங்க இருக்கோம்" என்றார் அம்மா.

"வந்தார், திரும்பவும் வருவார்" என்றாள் டீச்சர்.

"திரும்ப வருவார்னு நாங்களும்தான் நம்புறோம்" என்றார் டிரைவர்.

சாவியக்கா விரலை மடக்கிப் பார்த்தாள். "ஆகமொத்தம் மூணு பேரும் காத்திருக்கீங்க. ஆஸ்பத்திரிக்கு ஏத்த ஆளுங்கதான்!"

டீச்சர் அழுகையோடு சிரித்துவிட்டாள். சூரியன் மறைந்ததும் டிரைவர் விரிப்பைப் போட்டார். ஓய்வுநாளில் விளக்குகளைத் தொட்டு அணைக்கக் கூடாது என்பதால், அவை ஜன்னலோரம் எரிந்துகொண்டே இருந்தன. பெண்கள் இருவரும் கால்களை மடக்கிக்கொண்டு அவருக்கு இடம் விட்டார்கள்.

தொழுகை முடியவும் அதிகாரி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சண்டை என்று யாரோ பற்றவைத்திருக்கிறார்கள்.

"என்ன, புகார் ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் டிரைவர். சாவியக்காவின் கை தானாக இடுப்புச் சாவியைப் பிடித்தது.

"நாங்க வந்ததுலேருந்து இந்தக்கா நின்னுட்டே இருக்காங்க. உள்ள மூணு நாற்காலிதான் இருக்கு."

"நானும் கவனிச்சேன்" என்றார் பேக்கரி அம்மா. டீச்சரும் தலையாட்டினாள்.

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலோர விளக்குகளைப் பார்த்தார். பேனாவை எடுத்து, 'நாற்காலி, ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை நாற்காலி வந்தது. சாவியக்கா அதைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள். அறையில் யாருமில்லை. சற்று உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தாள். ஆறு வருடமாக அந்த அறையைத் திறந்துவிட்டவள் அதில் உட்கார்ந்தது அன்றுதான். கணவர் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நன்றாக அழுதாள்.